கைநாட்டு

முதலாளி என்னிடம் அரைப் பக்கம் எழுதச் சொன்னார். அடுத்த மாதக் கடைசியில் புள்ளி சார் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அன்றைக்கு எல்லோர் கையிலும் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன மலர் அடிக்கிறோம். "நீதான் இருபத்திரெண்டு வருஷம் அவர் பக்கத்துல உக்காந்தவ. நல்ல விஷயமா நாலு எழுதிக் குடும்மா" என்றார். நல்ல விஷயமாக நாலு எழுத எனக்கும் ஆசைதான். உட்கார்ந்தால் நாலோடு நிற்கவில்லை. நடுவில் எதை வேண்டுமானாலும் முதலாளி வெட்டிக்கொள்ளட்டும், கடைசிப் பகுதியை வெட்டக் கூடாது. அதை எழுதுவதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

புள்ளி சார் என்பது அவர் பெயர் இல்லை. கேட்கிறவர்கள் ஏதோ பெரும்புள்ளி என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். அவர் வெறும் புள்ளிதான். எங்கள் அச்சகத்தில் பெரும்பாலும் மருந்துத் தாள் அடிப்போம். மருந்துப் பெட்டியைத் திறந்தால் பத்தாக மடித்த ஒரு தாள் இருக்கும், எறும்பு சைசில் எழுத்து, யாரும் படிக்காமல் குப்பையில் போடுவார்களே, அதுதான். யாரும் படிக்காத அந்தத் தாளை ஒவ்வொன்றாக மூன்று தடவை படிக்கச் சம்பளம் வாங்குகிறவர் அவர். கணினியில் எழுத்தைக் கோர்ப்பது நான். அதில் நான் விட்ட பிழையைச் சிவப்பு மையில் அடிப்பது அவர்.

நான் வேலைக்கு வந்த முதல் வாரம். 0.5 மி.கி. என்று வரவேண்டிய இடத்தில் புள்ளியை விட்டுவிட்டேன். அவர் கத்தவில்லை. தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"ஏம்மா, இந்தப் புள்ளி விழலைன்னா ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து உள்ள போகும். தெரியும்ல?"

அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கோபத்தில் மறுநாள் நான்தான் அவருக்குப் புள்ளி சார் என்று பெயர் வைத்தேன். மிஷின்காரர் வாயில் விழுந்து அது ஊரெல்லாம் பரவிவிட்டது. அவர் காதிலும் விழுந்தது. "புள்ளி சாரா? சரியாத்தான் வச்சிருக்கா" என்று சிரித்தாராம்.

தொழில் சங்கதி ஒன்றே ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிழை என்று நினைத்து ஒரு சொல்லை அடித்துவிட்டு, பிறகு அது சரிதான் என்று தெரிந்தால், அடித்ததைத் திரும்பப் பெற ஒரு குறி உண்டு. அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். அந்தச் சொல் இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். புள்ளி சார் அந்தக் குறியைப் போட்டு நான் பார்த்தது மொத்தமாக நாலைந்து தடவை இருக்கும். அவர் அடித்தால் அடித்ததுதான்.

எங்கள் அச்சகத்தில் ப்ரூஃப் என்றால் இரண்டு. ஒன்று, அவர் திருத்தும் அச்சுத் தாள். இன்னொன்று, வருஷத்துக்கு ஒரு தடவை பதிவுத் தபாலில் அவர் பெயருக்கு வரும் ப்ரூஃப் செட். ஒரு தடவை தபால்காரர் வந்து நிற்க, "சார், உங்க ப்ரூஃப் வந்துடுச்சு" என்று நான் குரல் கொடுத்தேன். மிஷின்காரர் அச்சுத் தாள் என்று நினைத்து, மை அப்பிய கையோடு ஓடிவந்து பெட்டியைப் பிரிக்கப் போய்விட்டார். புள்ளி சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வயதில் அவ்வளவு தூரம் தாண்டுவார் என்று யாருக்கும் தெரியாது.

நாணயச் சாலையில் நாம் கடைக்குக் கொண்டுபோகும் காசை அடிப்பார்கள் இல்லையா, அதே காசைச் சேர்ப்பவர்களுக்காக மட்டும் தனியாகவும் அடிப்பார்கள். மெருகேற்றிய அச்சில், அவசரமில்லாமல், ஒரே காசை இரண்டு தடவை அழுத்துவார்களாம். வெற்றிடமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. எழும்பி நிற்கும் உருவமும் எழுத்தும் மட்டும் வெளுத்து, மங்கலாக. அந்த வருஷத்துக் காசு வகை எல்லாம் ஒவ்வொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பி, எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி. அதுதான் செட். கையால் தொடக் கூடாது. தொட வேண்டுமென்றால் பருத்தி உறை போட்டுக்கொண்டு விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும்.

"அப்படி என்ன சார் இருக்கு இதுல? ஒரு டீ குடிக்கக்கூட ஆகாது" என்று நான் சீண்டுவேன்.

"ஊர்ல இருக்கிற காசெல்லாம் ஆயிரம் கை பட்டு, தேஞ்சு, கீறல் விழுந்து கிடக்கும்மா. இது ஒண்ணுதான் யார் கையும் படாம எங்கிட்ட வருது. பிழையே இல்லாத ஒரு பொருளை வருஷத்துக்கு ஒரு நாளாவது பாக்கணும்ல?"

கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு செட் விடாமல் வாங்கினார். வீட்டுப் பீரோவில் மூன்று தட்டு அதற்கு. ஈரம் இழுக்க மருந்துக் குப்பியில் போடுவார்களே, சின்னச் சின்னப் பொட்டலம், அதை எங்கள் மருந்துக் கம்பெனிக்காரர்களிடம் கேட்டு வாங்கி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போட்டு வைப்பார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். "என் துணிமணிக்கு ஒரு தட்டு, அவர் காசுக்கு மூணு தட்டு. சம்பந்தி வீட்டு ஆளுங்க மாதிரி கவனிக்கிறாரு" என்று அக்கா சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

அவர்களுக்கு ஒரே பெண். பாப்பா. பள்ளிக்கூடம் விட்டதும் அச்சகத்துக்கு வந்துவிடுவாள். அப்பா மேசைப் பக்கம் போக மாட்டாள், அங்கே மூச்சு விடக்கூடாது. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வீணான தாளின் பின்பக்கத்தில் படம் வரைவாள். அந்தக் காசுக் கதையை எனக்குச் சொன்னதே அவள்தான்.

அவளுக்கு ஐந்து வயது. அவள் பிறந்த வருஷத்துச் செட்டை அன்று புள்ளி சார் வெளியே எடுத்திருந்தார். இருப்பதிலேயே பெரிய வெள்ளிக் காசை டப்பியிலிருந்து எடுத்து, துணிமேல் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எழுந்து போனார். பாப்பா நாற்காலியில் ஏறி எட்டிப் பார்த்தால் காசுக்குள் அவள் முகம். மூக்கு, கண், முன்பல் விழுந்த ஓட்டை, எல்லாம். "அப்பா, நான் காசுக்குள்ள இருக்கேன்!" என்று கத்தி, கட்டை விரலை நடுவில் வைத்து ஒரே அழுத்து.

அவர் ஓடிவந்து அவள் புறங்கையில் ஓர் அடி போட்டார். அவளை அவர் அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். காசைத் துடைக்கவில்லை. துடைத்தால் கீறல் விழும், கீறல் விழுந்தால் போயே போச்சு, அது சேர்ப்பவர்களின் சட்டம். அப்படியே டப்பியில் போட்டு மூடிவிட்டார். அப்போது ஒன்றும் தெரியவில்லையாம், லேசாக ஆவி படிந்த மாதிரிதான் இருந்ததாம். இரண்டு மூன்று வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், கண்ணாடி நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டிக் கட்டைவிரல். ஒரு கோடு பிசகாமல், ரேகை அத்தனையும் மேலே வந்திருக்கிறது. விரல் ஈரம் வெள்ளியை மெதுவாகக் கறுக்கவைக்குமாம்.

பாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் காசைக் காட்டச் சொல்லி அப்பாவை நச்சரிப்பாள். "இது என் கைநாட்டு" என்பாள். என்னிடமும் சொன்னாள், "ஊருக்கே எழுத்து திருத்தற அப்பாவுக்கு, கைநாட்டுப் பொண்ணு." எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத்தான் கைநாட்டு என்போம். அவள் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள்.

அவளுக்குப் பதினாறு நடக்கும்போது நாணயம் சேர்ப்போர் சங்கத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். புள்ளி சார் செட்டுகளையெல்லாம் கொண்டுபோய் அடுக்கினார். இரண்டாம் பரிசு. நடுவர் குறிப்பில் ஒரே வரி: 'ஒரு செட்டில் கறை, மற்றவை குறையற்றவை.' அந்த வரியை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் என்னிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாணயக் கடைக்காரரிடம் போய், கறை பிடித்த செட்டையும் இன்னும் இரண்டு பழைய செட்டுகளையும் கொடுத்து, அதே வருஷத்தில் கறையில்லாத செட் ஒன்றை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

சிவப்பு மையைத் தொடாமல் அவர் அடித்த திருத்தம் அது. திங்கட்கிழமை என்னிடம் காட்டுவதற்காக அச்சகத்துக்கே கொண்டுவந்திருந்தார். "இப்ப பாரும்மா. முதல்லேந்து கடைசி வரைக்கும் பிழையே இல்லை." நானும் சும்மா இருக்கவில்லை. "ஒருவழியா கறை விட்டுச்சா?" என்று சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சாயந்தரம் பாப்பா வந்தாள். விஷயம் தெரிந்ததும் புதுச் செட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் பாணியில் சொன்னாள்: "போப்பா. என்னைக் குடுத்துட்டு வேற யாரையோ வாங்கிட்டு வந்திருக்கே." நானும் சாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். கோபமெல்லாம் இல்லை, சத்தியமாக இல்லை. வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

இருபத்திரண்டு வயதில் பாப்பா போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நான் மருத்துவமனைக்குப் போனபோது புள்ளி சார் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மருந்துத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அடித்த தாள்தான். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து முடித்து, மறுபடி முதல் வரிக்கு வந்தார். "எல்லாம் சரியா இருக்கும்மா" என்றார் என்னிடம். "ஒரு புள்ளிகூட மாறலை." மறுநாள் காலையில் அவள் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். திருத்தம் வழக்கம்போலவே இருந்தது, ஒன்றும் தப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"நேத்து வீட்டுல அவ கேட்டாம்மா. பாப்பாவோட அந்தக் கறை பிடிச்ச காசை எடுத்துக் குடுங்கன்னு."

எனக்குப் புரிய ஒரு வினாடி ஆயிற்று.

"அக்காவுக்கு நீங்க மாத்தினது தெரியாதா சார்?"

"சொல்லணும்னு தோணலை. பாப்பாவும் சொல்லலை போல. இத்தனை வருஷமா அது பீரோவுலதான் இருக்குன்னு நினைச்சுட்டு இருந்திருக்கா."

அக்கா அவரிடம் கேட்டதை அவர் அப்படியே சொன்னார். துணியெல்லாம் துவைத்தாகிவிட்டது, தலையணை உறையும் போய்விட்டது, வீட்டைப் பெருக்கித் துடைத்தாகிவிட்டது. அவள் கை பட்டது என்று எதைத் தொடுவது? படித்த பெண், கண்ட இடத்தில் கைநாட்டா வைத்திருப்பாள்? அந்தக் காசில் ஒன்று இருக்கிறது, அதைக் கொடுங்கள். கொடுக்க முடியாமல் நின்றவர், மாற்றிவிட்டதைச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். "சாப்பாடு இருக்கு", "கதவைச் சாத்துங்க", அவ்வளவுதான். ஒரே வீட்டில் இரண்டு பேர், நடுவில் ஒரு காசு.

புள்ளி சார் தேட ஆரம்பித்தார். கடைக்காரருக்கு அதை யாரிடம் விற்றார் என்றே நினைவில்லை. "சார், கறை பிடிச்ச ப்ரூஃபை யாரு கணக்கு வச்சுக்குவா? யாராவது மலிவா கேட்டிருப்பாங்க, தள்ளி விட்டிருப்பேன்" என்றார். ஞாயிறு தவறாமல் ஊர் ஊராக நாணயக் கடை ஏறி இறங்கினார். எல்லோரும் பளபளவென்று எடுத்து நீட்டுவார்கள். இவர் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கறை இல்லையே" என்று திருப்பிக் கொடுப்பார். மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்களாம்.

சங்கத்துச் செய்தித் தாளில் விளம்பரம் கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். நானே கோர்த்துக் கொடுத்தேன்: 'இன்ன வருஷத்து ப்ரூஃப் செட், கறை உள்ளது, தேவை.' அந்தத் தாளைத் தயாரிப்பவரும் எங்கள் சார் மாதிரி ஓர் ஆள்தான் போலிருக்கிறது. இது பிழை என்று நினைத்து, கறை இல்லாதது தேவை என்று திருத்தி அடித்துவிட்டார். பதினான்கு பேர் கறையில்லாத செட் இருப்பதாக எழுதினார்கள். சார் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "நானா இருந்தாலும் இப்படித்தான் திருத்தியிருப்பேன்" என்றார். அன்று அவர் அழுதார். அச்சகத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த இதழில் சரியாக வந்தது: 'பெரிய காசில் சிறிய விரல் ரேகை உள்ளது. முன்பு என்னுடையது. திரும்பத் தேவை.' பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கலாம் என்று நான் கெஞ்சினேன். "வேண்டாம்மா. செத்த பொண்ணைக் காட்டி யார்கிட்டயும் எதையும் வாங்கக் கூடாது" என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கும் கட்டளை போட்டார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு பல் டாக்டர் அச்சகத்துக்கு போன் செய்தார். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊர். அவரும் காசு சேர்ப்பவர். "நடுவுல பழுப்பா ஒரு சின்ன விரல். குழந்தை விரல் மாதிரி இருக்கு. அதுவா பாருங்க" என்றார். "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு சார் போனை வைத்துவிட்டார். விலை கேட்கவில்லை, வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினாராம்: "போய்ட்டு வாங்க, நான் வாசல்லயே நிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் அவர் பாடு சொல்லி முடியாது. "அதுக்குள்ள வேற யாருக்காவது குடுத்துட மாட்டாரேம்மா?" என்று பத்து தடவை கேட்டிருப்பார். பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் சாப்பிடப் போன நேரத்தில், அவருக்குத் தெரியாமல் நானே டாக்டருக்கு போன் போட்டேன்.

இங்கிருந்துதான் முதலாளி வெட்டக் கூடாது.

நான் சொன்னது இது. ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுகிறேன்: "டாக்டர், அந்தக் காசு சாருக்கு உயிர் மாதிரி. தயவுசெஞ்சு நல்லா பாத்து வைங்க."

அவர் சொன்னது இது: "கவலையே படாதீங்கம்மா. நல்லா பண்ணி வைக்கிறேன்."

இருபத்திரண்டு வருஷம் எழுத்தோடு மாரடிக்கிறவள் நான். 'வைக்கிறேன்' என்பதற்கு முன்னால் வந்த அந்தப் 'பண்ணி' என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. யாருக்கும் வேண்டாத ஒரு கறையை எங்கள் சார் கேட்கிறார் என்பதை அவரிடம் சொல்லாமல் விட்டேன். சொல்லக் கூடாது என்றுதானே கட்டளை. நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு போனை வைத்துவிட்டு, சார் திரும்பி வந்ததும், "ஒண்ணும் ஆகாது சார், பத்திரமா இருக்கும்" என்று வேறு சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். டாக்டர் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பக்கத்தில், கருவிகள் வைக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மேலே அந்தப் பெரிய விளக்கையும் போட்டுவிட்டார்.

"பாருங்க சார்" என்றார். "கறை இருந்த இடமே தெரியாது."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். பல்லில் கறை எடுப்பது அவருக்குத் தினப்படி வேலை, காசு அதைவிடச் சுலபம். தேய்க்கவே கூடாது, மருந்தில் முக்கி முக்கி எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்தவர்களைக்கூட மறுநாள் வரச் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்தாராம். "ரொம்ப ஆழமா இறங்கியிருந்துச்சு. அடையாளத்துக்குத்தான் நீங்க விரல் ரேகைன்னு போட்டிருந்தீங்க, புரிஞ்சுது. ஆனா உங்க உயிர் மாதிரின்னு இவங்க போன்ல சொன்னப்புறம் கறையோட குடுக்க எனக்கு மனசு வரலை."

நொண்டி நாயைத் தொலைத்தவர் தேடி வருகிறார் என்று, அதன் காலைச் சரிசெய்து நிறுத்தி வைத்த மாதிரி.

புள்ளி சார் விளிம்பைப் பிடித்துக் காசை எடுத்தார். விளக்குக்குக் கீழே இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரி வரியாகப் படித்தார். ஒரு கோடாவது மிஞ்சியிருக்காதா என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். கண்ணாடிதான் இருந்தது. அதில் அவர் மூக்கு தெரிந்தது, பின்னால் நான் தெரிந்தேன். டாக்டர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மார்க் கேட்பது மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கு டாக்டர்" என்றார் சார். "பிழையே இல்லை."

டாக்டருக்கு வாயெல்லாம் பல். காசு வாங்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். "உங்க பொருள் உங்ககிட்ட வந்துச்சு, அதுக்கு எதுக்கு சார் காசு?" சார் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் வெளியே ஓடிவந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம். பெட்டி மடியில். பாதி வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். போன் போட்டது, நான் சொன்ன சொல், அவர் சொன்ன சொல். "என்னாலதான் சார். நான் சும்மா இருந்திருந்தா அது அப்படியே இருந்திருக்கும்" என்று அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "இருக்கட்டும்மா" என்றார்.

பரவாயில்லை விடு என்பதற்கும் அந்தச் சொல்தான். அடித்தது திரும்பி வரட்டும் என்பதற்கும் அந்தச் சொல்தான். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியமில்லை.

அக்கா சொன்ன மாதிரியே வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலை வாரி, முகம் கழுவி, யாரோ ஊரிலிருந்து வருகிற மாதிரி. பெட்டியைக் கையில் வாங்கினார். வாசல் வெளிச்சத்திலேயே டப்பியைத் திறந்தார். முப்பது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவர், விளிம்பைத்தான் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்ங்க?"

அக்கா மறுபடி காசைத் திருப்பினார்.

"இது அது இல்லை. வேற எதையோ குடுத்துட்டாங்க."

"அதேதான்" என்றார் சார்.

"அப்ப எங்க? பாப்பா எங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"நான்தான் துடைச்சேன். கறைன்னு நினைச்சு, வர்ற வழியில துடைச்சுட்டேன்."

அக்கா நம்பிவிட்டார். நம்பாமல் எப்படி இருப்பார்? வாழ்நாளெல்லாம் பிழையைப் பொறுக்காத மனிதர், ஒரு தடவை அதே காசை விற்றவர், இன்னொரு தடவை துடைக்கமாட்டாரா? அவரை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. அவர் உள்ளங்கையை விரித்து, அதில் காசை வைத்து, விரல்களை மூடிவிட்டு உள்ளே போனார். அந்தக் காசில் அப்போது மூன்று பேர் விரலும் பட்டிருக்கும். வேண்டிய விரல் இல்லை.

"சார், நான் போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

"நீ கிளம்பும்மா. பஸ் போயிடும்."

"சார்..."

"அவளுக்கு என்மேல ஒரு கோபம் ஏற்கெனவே இருக்கு. இதுவும் அதோட இருக்கட்டும். புதுசா இன்னொரு ஆள்மேல எதுக்கு?"

நான் கிளம்பிவிட்டேன். கிளம்பியிருக்கக் கூடாது. இரண்டு வருஷம் ஆகிறது. அக்கா அவருக்குச் சோறு போடுகிறார், கதவைச் சாத்தச் சொல்கிறார், அவ்வளவுதான். நாணயச் சாலையிலிருந்து வருஷா வருஷம் படிவம் வருகிறது. அவர் அதைப் பத்தாக மடித்துக் குப்பையில் போடுகிறார். எனக்கு ஒவ்வொரு நாளும் அவர் மேசைக்கு எதிரே உட்கார வெட்கமாக இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து அவர் அந்த வீட்டிலேயே நாள் முழுக்க இருக்கப்போகிறார். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மலர் அடித்ததும் முதல் பிரதி அக்கா கைக்குப் போகும். அதனால் இங்கேயே எழுதுகிறேன். அக்கா, அவர் துடைக்கவில்லை. அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒன்றரை வருஷம் தேடியது அந்தக் கறையைத்தான். அதை அழித்தது என் வாய்.

இந்தப் பக்கமும் ப்ரூஃபுக்கு அவரிடம்தான் போகும், வேறு ஆள் இல்லை. மேலே உள்ள நாலு வரியையும் அவர் சிவப்பு மையில் அடிப்பார், எனக்குத் தெரியும். தாள் என்னிடம்தான் திரும்பி வந்தாக வேண்டும். அடியில் புள்ளி வைத்து, ஓரத்தில் எழுதி, அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.